சிங்கப்பூரில் ஒரே ஒரு சிகரெட்டுக்கும் வரி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சியிலும் சென்னையிலும் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறவர்கள் பலர், கடைசி நேரத்தில் டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு கார்ட்டன் சிகரெட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே இருக்கும் மச்சான் சொல்லிவிட்டிருப்பார். அந்தக் கடை விட்டுக்கொடுப்பது இந்திய வரியை மட்டும்தான். சிங்கப்பூர் வரி அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் காத்திருக்கிறது. மதுவுக்கு உள்ளதுபோல் சிகரெட்டுக்குச் சலுகை அளவு எதுவும் அங்கே இல்லை. "பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் கேட்க மாட்டார்கள்", "19 வரை விட்டுவிடுவார்கள்" என்பதையெல்லாம் நம்பவேண்டாம். 19 என்பது ஹாங்காங் கணக்கு.

2023 பிப்ரவரியில் நிர்ணயித்த விகிதப்படி ஒரு சிகரெட்டுக்குத் தீர்வை 49.1 காசாக இருந்தது. அந்த விகிதத்தில் 20 உள்ள பாக்கெட்டுக்கு 9.82 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 200 உள்ள கார்ட்டனுக்கு 98.20 வெள்ளி. வாங்கிய விலையையும் தீர்வையையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. கார்ட்டனை 30 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் ஜிஎஸ்டி 11.54; ஆக, வரி மட்டுமே 109.74. விலையையும் சேர்த்தால் பாக்கெட் ஏறக்குறைய 14 வெள்ளி. சிங்கப்பூர்க் கடை விலையும் அதை ஒட்டித்தான் வரும். பிறகு எதற்குச் சுமக்க வேண்டும்? விகிதத்தைப் பட்ஜெட் நாளிலேயே ஏற்றிவிடுவார்கள்; கிளம்புமுன் சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தத் தீர்வை ஒரு சிகரெட்டின் எடையில் ஒவ்வொரு கிராமுக்கோ அதன் பகுதிக்கோ உரியது. ஒரு கிராமைத் தாண்டும் கனமான கிராம்பு சிகரெட் என்றால் ஒன்றுக்கே இரட்டிப்புத் தீர்வை. பீடிக்கு எடைக் கணக்கில் தனி விகிதம். குட்கா, மெல்லும் புகையிலை, இ-சிகரெட் மூன்றும் அடியோடு தடை. வரி கட்டியும் கொண்டுபோக முடியாது.

கொண்டுதான் போகவேண்டும் என்றால், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நுழையாமல், வரி கட்டவேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் எண்ணிக்கையைச் சொல்லிக் கடை ரசீதைக் காட்டுங்கள். சுங்கத்துறையின் இணையச் சேவையில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டவும் முடியும். 400 சிகரெட் வரைதான் இப்படி. அதற்குமேல் அனுமதிச் சீட்டு வேண்டும். பச்சை வழியில் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் விழும். "பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தார்" என்பது எடுபடாது. யார் பையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

வரி ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சிங்கப்பூரில் விற்கும் ஒவ்வொரு சிகரெட்டிலும் எஸ்டிபிசி எனப்படும், தீர்வை கட்டியதற்கான அடையாளம் அச்சிட்டிருக்கும். வெளியிலிருந்து வந்ததில் அது இருக்காது. தெருவில் அதிகாரி கேட்டால் அந்த ரசீதுதான் அத்தாட்சி. பாக்கெட்டை மச்சானிடம் கொடுக்கும்போது ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஊர் திரும்பும்போதும் கவனம் தேவை. இந்தியாவில் வரியில்லாமல் விடுவது 100 சிகரெட், அதாவது அரை கார்ட்டன். வந்திறங்கும் இடத்திலுள்ள டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் அந்த 100-க்குள் அடக்கம்.

போகிற நாட்டின் வரம்பைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க விமான நிலையக் கடைகளுக்கு உத்தரவிட்டால் போதும். பாதிப் பேர் கார்ட்டனை அங்கேயே திருப்பி வைத்துவிடுவார்கள்.

— சரக்குச் சுங்க ஆவணப் பணியில் உள்ள வாசகர், சிங்கப்பூர்