நடுக்கோட்டிலிருந்து அளந்து பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. எதிர்வீட்டு வாசலில் புள்ளி தவறிய கோலத்தை இங்கிருந்தே காட்டுகிறார் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகள் கல்லூரிக்குத் திருச்சி போனதிலிருந்து இங்கே வீடு வெறிச்சென்றிருக்கிறது. சாயங்காலமானால் பின்கட்டில் சைக்கிளோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீயும் பழைய சைக்கிளின் சாமான்களைக் கழற்றிப் புது ஃபிரேமில் மாட்டப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. அதே வேலையை ஆவணியில் செய்து ஒரு மாதம் அல்லாடியவன் நான்.

என் அலுமினிய ஃபிரேமில், கிராங்க் அச்சு சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) பக்கத்து வெல்டிங்கில் விரிசல் விட்டதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? பதிலுக்கு ஒரு ஸ்டீல் ஃபிரேம் வாங்கினேன். பெடல் மாட்டும் கிராங்க், பின்வீலின் பல்சக்கர அடுக்கான கேசட், செயினைப் பல் மாற்றிப் போடும் டிரெய்லர், வீல் எல்லாம் பழையவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டி முடித்து மறுநாள் காலை ஆனைகட்டி சாலையில் எடுத்துப் போனேன். முதல் ஏற்றத்திலேயே கரகரவென்று சத்தம். ஒரு வளைவில் நின்று, மறுபடி கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்று பெடலைக் காலால் பின்பக்கம் சுற்றினேன். கேசட்டின் பெரிய பல்சக்கரத்திலிருந்து செயின் தானாக இறங்கி அடுத்ததில் விழுந்தது. மறுபடி ஏற்றிச் சுற்றினால் மறுபடி இறங்கியது.

டிரெய்லர் மேல்தான் சந்தேகப்பட்டேன். ஸ்க்ரூவைத் திருகினேன், கேபிள் மாற்றினேன், புதுச் செயினே வாங்கிப் போட்டேன். பிறகு டிரெய்லர் தொங்கும் ஹேங்கரைப் பார்த்தேன், அது கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருந்தது. இதைச் சோதிக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஹேங்கர் ஓட்டையின் மரையும் சாதாரணப் பின்வீல் ஆக்சிலின் மரையும் ஒன்றுதான், 10 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ. இன்னொரு பின்வீலின் ஆக்சிலை ஹேங்கரில் திருகிவிட்டால் இரண்டு வீலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கு ரிம் இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே அளந்து பார்க்கலாம். எனக்கு மேலுக்கும் கீழுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். அந்த வீலையே பிடித்து மெதுவாக நெம்பி 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். ஸ்டீல் என்பதால் துணிந்து செய்தேன். அலுமினிய ஹேங்கராக இருந்தால் முறிந்துவிடும் என்ற பயம் இருக்கும். கியர் அழகாக விழ ஆரம்பித்தது. பின்னால் சுற்றினால் செயின் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

அன்று ராத்திரி நம் பள்ளிக்கூடத்துப் பக்கம் கடை வைத்திருந்த பாய் நினைவுக்கு வந்தார். எந்த சைக்கிள் போனாலும் முதலில் கையில் எதையும் எடுக்க மாட்டார். பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயின் போகும் கோட்டையே பார்ப்பார். நானும் அப்படி உட்கார்ந்தேன். கேசட்டின் நடுப் பல்லிலிருந்து பார்த்தால் செயின் முன்பக்கம் போகப் போக வெளியே ஒதுங்கிக்கொண்டே போனது. தப்பு பின்னால் இல்லை, முன்னால்!

அதற்குப் பிறகு ஸ்கேலை எடுத்தேன். சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் பக்கவாட்டிலிருந்து, கிராங்கில் உள்ள பல்சக்கரங்களில் நடுவிலிருக்கும் செயின்ரிங்கின் பல் வரைக்கும் 38.2 மி.மீ. சீட் டியூபின் விட்டம் 28.6, அதில் பாதி 14.3. இரண்டையும் கூட்டினால் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ரிங் வரைக்கும் 52.5. என்னுடைய மூன்று ரிங் கிராங்குக்கு அது 50 இருக்க வேண்டும். பின்னால் ஹப் 135 மி.மீ., பாதி 67.5. வீல் ஆக்சில் உட்காரும் டிராப்அவுட்டின் உள்பக்கத்திலிருந்து கேசட்டின் நடு வரைக்கும் 22.5 கழித்தால் 45. ஆக 50 என்றாலே செயின் சற்றுச் சாய்ந்துதான் ஓடும். பி.பி.யிலிருந்து பின்வீலுக்குப் போகும் குழாயான செயின்ஸ்டேயில் ரிங் உரசாமல் இருக்க அந்தச் சாய்வை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். நான் அதற்கு மேலும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறேன்.

காரணம் ஸ்பேசர் என்ற வளையம். பழைய ஃபிரேமில் பி.பி. உட்காரும் குழாயான ஷெல்லின் அகலம் 73 மி.மீ. அதில் செயின் பக்கம் மட்டும் 2.5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று இருந்தது. புது ஃபிரேமின் ஷெல் 68. அதற்கு மூன்று ஸ்பேசர் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பழையதில் செயின் பக்கம்தானே இருந்தது என்று மூன்றையும் அந்தப் பக்கமே போட்டுவிட்டேன். மொத்த அகலம் 75.5 சரியாக வந்ததால் கிராங்கும் இறுக்கமாக உட்கார்ந்தது, சந்தேகமே வரவில்லை. செயின் பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று போட்டிருக்க வேண்டும். கணக்குப் பார்: 73-இல் பாதி 36.5, ஒரு ஸ்பேசர் சேர்த்தால் 39. 68-இல் பாதி 34, இரண்டு ஸ்பேசர் சேர்த்தால் அதே 39. இன்னொரு அடையாளமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கிராங்கைச் சீட் டியூபை ஒட்டி நிறுத்தி இரண்டு பக்கமும் இடைவெளியை அளந்தால் 5 மி.மீ. வித்தியாசம்.

கழற்றி மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பி.பி.யின் செயின் பக்கக் கப்புக்கு மரை தலைகீழ் என்பதை மட்டும் மறந்துவிடாதே, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். கப்பின் மேல் 1.37 × 24 என்று போட்டிருக்கும். அதைத்தான் பி.எஸ்.ஏ. மரை என்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும்போது நாம் மாற்றி மாற்றி ஓட்டிய உன் அண்ணனின் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். மேல் இருந்த அதே மூன்றெழுத்து. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர் அது. அம்பத்தூரில் செய்த நம் சைக்கிளுக்கும் வந்து, இந்த மரைக்கும் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னுடையது சதுர ஆக்சில் கிராங்க், ஸ்பேசர் தொல்லை இல்லை. ஆனால் பி.பி. வாங்கும்போது இரண்டு எண் கேட்பார்கள். ஷெல் அகலம் ஃபிரேமுக்கு உரியது, ஆக்சில் நீளம் கிராங்குக்கு உரியது. பழையது 68 × 122.5 ஆக இருந்து புது ஷெல் 73 என்றால் 73 × 122.5 கேட்டு வாங்கு. கடையில் 113-தான் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போட்டால் ரிங் கிட்டத்தட்ட 5 மி.மீ. உள்ளே போய் செயின்ஸ்டேயில் இடிக்கும். முன் டிரெய்லரின் கிளாம்ப் அளவையும் பார். மெலிந்த சீட் டியூபாக இருந்தால் உள்ளே வைக்க ஷிம் என்ற மெல்லிய தகடு வேண்டியிருக்கும். செயின்ஸ்டே நீளமாக இருந்தால் பழைய செயின் எட்டாது.

போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று பெடலைப் பின்னால் சுற்றினேன். செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தேன்டா.

பழைய சைக்கிளைப் பிரிப்பதற்கு முன்னால் மூன்று அளவு எடுத்து எழுது: ஷெல் அகலம், சீட் டியூப் விட்டம், அங்கிருந்து நடு ரிங் பல் வரைக்கும் உள்ள தூரம். புது ஃபிரேமின் பின் டிராப்அவுட் இடைவெளி 130-ஆ 135-ஆ என்றும் பார்த்துச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்னும் எத்தனை நாள் போடச் சொல்லியிருக்கிறார்கள்? அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கோயமுத்தூர்க்காரன்