விடுகைப் பத்திரம்

அன்பு மகன்,

உன்ட செய்தி கிடைத்தது. "பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் வேணும், அவசரம்" என்று மட்டும் இருந்தது. எதுக்கென்று எழுதேல்லை. இருக்கட்டும்.

அது உடனே எடுக்கிற காரியமில்லை. அதை எழுதப் பிள்ளைகள் சேர்ந்ததைப் பதிகிற கொப்பி, சேர்வு இடாப்பு, வேணும். நம்மட பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டிலாக இருந்த காலத்து இடாப்பு அது. 1960, 61இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது பெயர்ப்பலகைதான் மாறினது. சேர்விலக்கம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு இலக்கம். பிள்ளை விலகினாலும் அது இன்னொருத்தருக்குப் போகாது. பிழை வந்தால் சுரண்டி அழிக்க இயலாது; சிவப்பு மையால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதி, அதிபர் ஒப்பம் வைக்க வேணும்.

2006 சண்டையில் இடம்பெயர்ந்ததோட அந்த இடாப்பு போச்சு. கிளிவெட்டி முகாமில் புதுக் கொப்பியில் 1இலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். அதனால் இப்ப ஒரே இலக்கத்தில் இரண்டு பேர்: ஊரில் படித்த பழைய பிள்ளை, முகாமில் சேர்ந்த புதுப் பிள்ளை. பழைய இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேட வேண்டியிருக்கு.

உன்டதை நான் கிட்டத்தட்டப் பிடித்திட்டன். சின்னம்மாட மகளின் பத்திரத்தில் 812, பின்வீட்டுப் பொடியன்ட பத்திரத்தில் 815. இரண்டிலும் 2001 தைமாதத்து ஒரே திகதி. அன்றைக்கு நீங்கள் நாலு பேர்தான் சேர்ந்தது. நீ 813 அல்லது 814. தங்கச்சியம்மாட மகன்ட பத்திரம் கிடைத்தால் முடிவாகிடும். அதோட பிறப்புச் சான்றிதழ், சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி, கூடப் படித்த இரண்டு பேரின் கடிதம். இவ்வளவும் இருந்தால் இப்போதைய அதிபர் எழுதித் தருவார். நல்ல பிள்ளை.

ஒறிஜினலை ஒருத்தரிட்டையும் குடுக்காதே. போட்டோக்கொப்பி குடு.

முதலெழுத்தைக் கவனி. இடாப்பில் முழுப்பெயர், உன்ட பாஸ்போட்டில் வேறமாதிரி விரித்திருக்கு. ஒரு எழுத்து வித்தியாசத்தில் அங்க நிப்பாட்டுவார்கள் என்று கேள்விப்பட்டனான். நம்மட ஊர்ப் பிள்ளைகளில் அவ்வளவு தூரம் போய்ப் படித்தது நீதான், அதை நான் எல்லாரிட்டையும் சொல்றனான். மூன்று மாதமாக ஒரு கோல் இல்லை, அதையும் அம்மா எல்லாரிட்டையும் சொல்றா.

மகன், உனக்கு ஒன்று சொல்ல வேணும். அந்த இடாப்பு தானாகத் தொலையேல்லை. நான்தான் அலுமாரியில் வைத்துப் பூட்டினனான். பத்து நாளில் திரும்பலாம் என்று நினைத்தன். சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்தனான். இரண்டு கிலோகூட இருக்காது அந்தக் கொப்பி. நெல்மூட்டை ஏற்றின வண்டில், ஒரு மூலையில் வைத்திருக்கலாம். 2016இல் திரும்பி வந்து பார்க்க அலுமாரியே இல்லை. சாவி இன்னும் சாமிப்படத்துக்குப் பின்னால் தொங்குது. எத்தனை பிள்ளைகள் இன்றைக்கும் அலைகிறார்கள்.

ஒறிஜினலைக் குடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தமிழ்ப் பிரதி போதுமா, ஆங்கிலத்திலும் வேணுமா என்று அதிபர் கேட்கிறார். அது எந்த அலுவலுக்கு, எந்த நாட்டு அலுவலகத்துக்கு என்பதைப் பொறுத்தது. அதை மட்டும் எழுது. நடு அறைக்கு மாசியில் வெள்ளையடித்தாச்சு, கட்டிலும் போட்டிருக்கு.

அப்பா