ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியில்தான் கொதிக்கும்

அனுப்புநர்
உங்கள் பாஸ்தா குழாயை வாங்கியவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: அடுப்பில்லாமல் பாஸ்தா வேகவைக்கும் குழாய் வேலை செய்யாதது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஏப்ரலில் உங்கள் இணையதளத்தில் 899 ரூபாய்க்கு இந்தக் குழாயை வாங்கினேன். அனுப்பும் செலவு 60 ரூபாய் தனி. நீளமான பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி, ஒரு மூடியில் வடிகட்ட ஓட்டை. 'அடுப்பு வேண்டாம், கிளற வேண்டாம், கொதிநீர் ஊற்றினால் 12 நிமிடத்தில் தயார்' என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அந்தக் கொதிநீரை எதில் கொதிக்க வைப்பது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் போனது என் தப்புதான்.

மே விடுமுறைக்குப் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்காகத்தான் வாங்கினேன். பெட்டியில் சொன்னபடி ஸ்பகெட்டியைப் போட்டு, தளதளவென்று கொதித்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மூடி, கடிகாரம் பார்த்து 12 நிமிடம் காத்திருந்தோம். வடிக்கக் கவிழ்த்தபோது மூடி கழன்று, பாதித் தண்ணீர் என் கைமேல். உள்ளேயிருந்து வந்தது ஈர்க்குமாறு மாதிரி ஒரே கட்டு. வெளிச்சுற்றில் பசை, நடுவில் குச்சி. பேத்தி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாயி, தோசை இருக்கா?" என்றாள்.

இதை உங்களுக்கு எழுதினேன். 'உங்கள் தண்ணீர் போதிய சூட்டில் இல்லை, 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரையே ஊற்ற வேண்டும்' என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த ஒரு வரிதான்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவியாகுமே தவிரச் சூடு ஏறாது. நான் ஆரஞ்சு, கொய்யா ஜாம் போடுகிறவள், வீட்டில் அதற்கென்று தெர்மாமீட்டர் இருக்கிறது. கீழே சேலத்தில் 103, 104 டிகிரியில் இறக்குகிற ஜாமை இங்கே 99, 100லேயே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகிவிடும். மலையில் பருப்பு வேக நேரமாகும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் எங்கள் சமையலே ஓடுகிறது. உங்கள் குழாய் மூடியில் ஓட்டை வைத்திருக்கிறீர்கள். ஆக, 100 டிகிரி வேண்டுமானால் நான் மலையை விட்டு இறங்க வேண்டும்.

சரி, இறங்கியும் பார்த்தேன். குழாயை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் கடந்து, செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். (பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.) அங்கே தண்ணீர் 99 டிகிரியில் கொதித்தது. குழாயில் ஊற்றி, ஸ்பகெட்டி போட்ட ஒரு நிமிடத்தில் 91. பன்னிரண்டாவது நிமிடம் 80. ஏற்காட்டில் இதே கணக்கு 87, 76. கையால் குழாயைத் தொட்டால் சுடுகிறது, அந்தச் சூடெல்லாம் தண்ணீரிலிருந்து போனதுதானே. அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குக் கீழே தீ இருக்கிறது, போகிற சூட்டை அது ஈடுகட்டும். கொதிக்கிற தண்ணீர் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே புரட்டும். இங்கே புரட்ட ஒன்றும் இல்லை, கரண்டி விடவும் வழியில்லை.

பாஸ்தா வேகுவது என்றால் அதிலுள்ள மாவுச்சத்து வேகுவதுதான். அதைப் பற்றிச் சேலத்துக்காரர்களிடம் கதை விடாதீர்கள். மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கி நாடெங்கும் அனுப்புகிற ஊர் இது. ஜவ்வரிசியில் வெந்நீர் ஊற்றிக் கிளறாமல் மூடி வைத்தால் மேலே கூழாகும், நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே நிற்கும். உங்கள் ஸ்பகெட்டியைக் கடித்துப் பார்த்தபோது உள்ளே அதே வெள்ளைப் புள்ளி. அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் சந்தகை மரத்தை (இட்லியை இடியாப்பம் மாதிரி இழையாகப் பிழிகிற கருவி) எடுத்து வந்தாள். இட்லி அவித்து, சூடாக இருக்கும்போதே பிழிந்து, பதினைந்து நிமிடத்தில் எல்லோர் தட்டிலும் எலுமிச்சைச் சந்தகை. அவள் கல்யாணத்தின்போது வாங்கிய கருவி அது. இன்னும் ஒரு திருகுகூட மாற்றவில்லை.

இதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. முதலில் ஒருமுறை கொதிநீர் ஊற்றிக் குழாயைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர் ஊற்ற வேண்டுமாம். அடுப்பே வேண்டாம் என்ற கருவிக்காக இரண்டு தடவை அடுப்பு பற்ற வைக்க வேண்டியிருக்கிறது. அதையும் செய்தேன். இரண்டு டிகிரிதான் கூடுதலாக நின்றது.

என் கோரிக்கை இதுதான். 899 ரூபாயும் அனுப்பும் செலவு 60 ரூபாயும் என் கணக்குக்குத் திரும்ப வேண்டும். மாற்றுக் குழாய் வேண்டவே வேண்டாம். பெட்டியில் 'எங்கும், எப்போதும்' என்று அச்சடித்திருப்பதை எடுத்துவிடுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் எங்களைவிட உயரத்தில் இருக்கிறார்கள், அவர்களிடமாவது விற்காதீர்கள். மூடி கழல்வதைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். என் கை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கவிழ்த்தது பேத்தியாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்காது.

இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஒரு மாதம் காத்திருப்பேன். அதன்பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. 959 ரூபாய்க்கு வழக்கா என்று நினைக்க வேண்டாம். எனக்கு நேரம் இருக்கிறது.

பில் நகல், நிமிடவாரியாகக் குறித்த வெப்பநிலைத் தாள், அந்த ஈர்க்குமாறின் படம் மூன்றும் இணைத்துள்ளேன். குழாயைத் திருப்பி எடுக்க ஆள் அனுப்பினால் ஒருநாள் முன்னதாகச் சொல்லுங்கள். இப்போது அதில் காய்ந்த மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன், காலி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஏற்காட்டு வாடிக்கையாளர்