கிளினிக்குக்கு வராத பிள்ளைகளையும் எண்ணுங்கள்

மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கடுமையான மந்தபோசணைக்கு உள்ளான பிள்ளைகளின் சிகிச்சை பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்றே கேட்கிறோம். வந்திருக்க வேண்டியவர்களுள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குக் கிளினிக் பதிவேட்டில் விடை இராது.

சென்ற மாரியில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயலோர வாடி ஒன்றில், தாய் மத்திய கிழக்கில் இருக்க, அம்மம்மாவுடன் வளரும் ஒன்றரை வயதுப் பிள்ளையைக் கண்டேன். மந்தபோசணையை அறியப் புயத்தில் சுற்றிய அளவு நாடா சிவப்பில் நின்றது. அதாவது புயச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்கும் குறைவு; கடுமையான மந்தபோசணையின் அடையாளம் அது. வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு நின்றிருந்தது. "தாயும் சின்னதில இப்பிடி மெலிஞ்சவள்தான்" என்றார் அம்மம்மா. சற்றுப் பொறுத்து, இத்தனை மாதம் கழித்துப் போனால் ஏச்சு விழும் என்றார். பஸ் காசைப் பற்றி அவர் கடைசியில்தான் சொன்னார்.

இத்தகைய காரணங்களைத் திரட்டவென்றே 'ஸ்குவீக்' எனப்படும் மதிப்பீட்டு முறை இருக்கிறது. எந்தக் கிராமத்திலிருந்து ஒருவருமே சேரவில்லை, எந்த மாதத்தில் இடைவிலகல் கூடுகிறது என்பவற்றை முதலில் பதிவேடுகளில் பார்த்து, பின்னர் கிராமத்தை அறிந்தவர்களின் துணையோடு வீடு வீடாகச் சென்று மெலிந்த பிள்ளைகளையும் மந்தபோசணையால் இரு பாதங்களும் வீங்கிய பிள்ளைகளையும் தேடி, சிகிச்சையில் இல்லாத ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஏன் வரவில்லை என்று வளர்ப்பவரிடமே கேட்பதுதான் அதன் சாரம். நாடாவை மட்டும் நம்பவும் வேண்டாம். அதில் பச்சை காட்டும் பிள்ளையும் உயரத்துக்கேற்ற நிறையில் மிகவும் பின்தங்கியிருக்கலாம்.

மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் நியமங்கள், சிகிச்சை தேவைப்படுவோரில் கிராமப்புறத்தில் 50 சதவீதத்துக்கும் நகரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் சேவை எட்ட வேண்டும் என்கின்றன. கிராமத்துக்குப் பாதி போதும் என்பது எனக்கு உவப்பில்லை. ஆயினும் அந்தப் பாதியையாவது எட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டாமா? மாவட்டத்துக்கு ஒரே சராசரி எடுத்தால் நகரின் எண்ணிக்கை வாகரை போன்ற கிராமப்புறப் பிரிவுகளின் நிலையை மறைத்துவிடும். ஆகவே வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, கிரான், வாகரை ஆகிய பிரிவுகளைத் தனித்தனியே மதிப்பிடுங்கள். கோடையில் ஒரு தடவையும், கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும் மாரியில் இன்னொரு தடவையும் செய்யுங்கள். கிடைக்கும் காரணங்களை, முடிவுகளோடு சேர்த்து, அந்தந்தக் கிராமத் தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
மண்முனை மேற்கு