மே மாதக் கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்: செட்டிநாட்டுப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரப் பள்ளிகளின் தாளாளர்கள், செயலர்கள், தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெயிண்டர், தச்சர், கறையான் மருந்து அடிப்பவர் என்று வரிசையாகக் கொட்டேஷன் வந்துவிடும். விலையைப் பார்ப்பீர்கள், முடித்துக் கொடுக்கும் தேதியைப் பார்ப்பீர்கள். ஜூன் மாதம் அந்த அறையில் உட்காரப்போகும் பிள்ளைகள் எதைச் சுவாசிப்பார்கள் என்பதும் அதே தாளில்தான் முடிவாகிறது. பெயிண்ட், மரவேலை, பள்ளி ஆய்வகம் என்று ஆளுக்கொரு துறையில் இருக்கும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுவது, அந்தக் கையெழுத்துக்கு முன்னால் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் அதிக நேரம் இருப்பது வகுப்பறையில். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, பிற்பகலில் தலைவலி, இளைப்பு உள்ள பிள்ளைக்கு அடிக்கடி மூச்சுத்திணறல். ஜூன், ஜூலையில் இவை கூடினால் பருவ மாற்றம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வீட்டில் குறைந்து பள்ளிக்கு வந்ததும் திரும்பினால் சந்தேகப்பட வேண்டியது அறையைத்தான்.

முதலில் பெயிண்ட். சுவரின் கீழ்ப்பகுதியில் 4 அடி உயரத்துக்கு எனாமல் அடிப்பது நம் பள்ளிகளில் வழக்கம். துடைத்தால் அழுக்குப் போகும் என்பதால் அப்படிச் செய்கிறோம். 20 அடிக்கு 20 அடி அறையில் அந்தப் பட்டைக்கு இரண்டு கோட் அடிக்க ஏறக்குறைய 4 லிட்டர் எனாமலும், இளக்குவதற்குத் தின்னரும் செலவாகும். அதில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாத கரைப்பான் ஆவியாக அறைக்குள் கலக்கிறது. பெரும்பகுதி முதல் சில நாட்களில் போய்விடும். அதோடு முடிவதில்லை. எனாமலில் உள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுக இறுக, ஆல்டிஹைடுகள் என்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கதவு, ஜன்னல், கரும்பலகை என்று எனாமல் அடித்த ஒவ்வொரு பரப்பும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே எனாமல் வேண்டிய இடத்தில் தண்ணீரில் கரையும் எனாமல் கேளுங்கள். சுவருக்கு எமல்ஷன் என்றால், வி.ஓ.சி. (காற்றில் ஆவியாகும் கரிமப் பொருட்கள்) அளவு லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறைவு என்று டப்பாவிலோ நிறுவனத்தின் விவரத்தாளிலோ அச்சாகியிருக்க வேண்டும். வாடை இல்லாத பெயிண்ட் என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. அடர்ந்த நிறம் வேண்டாம்: கடை மெஷினில் சேர்க்கும் சாயத்திலும் கரைப்பான் இருக்கலாம், நிறம் அடர அடர அளவு கூடும். சுண்ணாம்புப் பூச்சு உள்ள பழைய கட்டடமாக இருந்தால் மேலே புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏற்றாதீர்கள். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுப் பழகியது. மூச்சை அடைத்தால் ஐப்பசி மழையில் உள்ளே பூஞ்சை பிடிக்கும், ஓராண்டில் பொருக்குப் பொருக்காக உரியும். அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதே சரி. அதில் கரைப்பான் என்ற பேச்சே இல்லை, செலவும் குறைவு.

அடுத்து, பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை. இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. ஜன்னல் கம்பிகளில் அடித்த பழைய பிரைமர்களில் குரோமேட் என்ற நச்சுப் பொருள் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்த்தால் இந்தத் தூள் அறை முழுவதும் பறந்து, பெஞ்சிலும் தரை இடுக்கிலும் தங்கி, பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பெயிண்டரிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும், தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் மட்டுமே தேய்க்க வேண்டும், முடிந்ததும் விளக்குமாறு படக்கூடாது, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டவே வேண்டாம், அதன் மேலேயே அடிக்கலாம். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. இதே தூள் அவர் சட்டையில் ஒட்டி அவர் வீட்டுக் குழந்தையிடமும் போகிறது.

மரவேலைக்கு வருவோம், இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பர்மா தேக்கு பார்த்து வளர்ந்த ஊரில் இன்று அலமாரி, கணினி மேசை, மேடை எல்லாம் மரத்தூளையும் மரநாரையும் பிசின் விட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டிலும் எம்.டி.எஃப்.-இலும் வருகின்றன. இவற்றையும் கமர்ஷியல் பிளை எனப்படும் எம்.ஆர். பிளைவுட்டையும் ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை விடும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து வகைப்படுத்தியது அது. அறைக்காற்றில் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். அதில் இருப்பது ஃபீனால் பிசின், வாயு விடுவது மிகக் குறைவு. கட்டாயம் போர்டுதான் என்றால் உமிழ்வு வகை ஈ1 அல்லது ஈ0 (ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் வகைகள்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தச்சர்கள் முன்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, பின்பக்கத்தையும் அறுத்த விளிம்பையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வாயு அதிகம் கசிவது அந்த வெட்டு விளிம்பில்தான். ஆறு பக்கமும் மூடச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு ரப்பர் பசை வேண்டாம், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை போதும். பழைய தேக்கு நிலை, கதவு, பெஞ்சுகளுக்குப் பளபளப்பு வேண்டுமென்று மெலமைன் பாலிஷ் போடுவது பரவிவிட்டது. காயும்போது ஃபார்மால்டிஹைடு விடும் பாலிஷ் அது. பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்பிரே செய்யும்போது பறக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பழைய பிரெஞ்ச் பாலிஷுக்குக் கைவேலை அதிகம் ஆகும். ஆனால் ஸ்பிரிட் ஓரிரு நாளில் பறந்துவிடும், தேக்குக்கும் அதுவே அழகு. எங்களைக் கேட்டால் இருக்கிற தேக்குப் பெஞ்சைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே நல்லது. அதிலிருந்து வர வேண்டியதெல்லாம் என்றைக்கோ வந்து முடிந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் அறையை மூடி வைத்தால் பயனில்லை. பழைய வீடுகளில் நடக்கும் பள்ளிகளில் வளவுக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு அடைத்து, சுற்றியுள்ள அறைகளுக்கு ஏ.சி. வைப்பதைப் பார்க்கிறோம். சூடான காற்று மேலே ஏறி வெளியேறட்டும் என்றுதான் அந்த முற்றத்தைத் திறந்து வைத்தார்கள். மழைக்காக மூடத்தான் வேண்டுமென்றால் கூரையை இரண்டடி உயர்த்தி நாலு பக்கமும் திறப்பு விடுங்கள்.

ஸ்பிளிட் ஏ.சி. உள்ளேயிருக்கும் காற்றையேதான் குளிர்விக்கும், வெளிக்காற்றை ஒரு சொட்டும் கொண்டுவராது. சீலிங் ஃபேனும் அப்படியே. 20-க்கு 20 அடி, 10 அடி உயர அறையில் சுமார் 113 கன மீட்டர் காற்று இருக்கிறது. ஒரு பிள்ளை மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுவதாக வைத்தால், 40 பேருக்கு 600 லிட்டர். எல்லாம் இறுக மூடியிருந்தால் பத்து நிமிடத்துக்குள் காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது 420, 430 அளவில்தான் இருக்கும். கரியமில வாயு அந்த அளவில் விஷமில்லை. ஆனால் அது தேங்கும் இடத்தில் பெயிண்ட் ஆவியும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தே தேங்கும். ஏ.சி. அறை கட்டாயம் என்றால் மணிக்கு 1,000 கன மீட்டர் வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும், எதிர்ச்சுவரில் காற்று நுழைய ஒரு திறப்பும் வையுங்கள். நுழைய வழியில்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால் காற்று நகராது. இப்படி வெளிக்காற்றை விட்டால் குளிர்ச்சி குறையும், கரண்ட் பில் கூடும். அதையும் சேர்த்தே செலவுக் கணக்குப் போடுங்கள். அளக்க ஆசைப்பட்டால் என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் உள்ள கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்கி வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு காட்டும் என்று விற்கும் மலிவான கருவிகள் கைகழுவும் சானிடைசருக்கும் ஏறி இறங்கும், நம்ப வேண்டாம்.

கழிவறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், குனிந்து கழுவுகிறவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும், வேறெதையும் ஊற்றக்கூடாது. ஆசிட்டே வேண்டாம். 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடர் 15 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் போதும். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு தெளித்து, காலையில் கழுவிவிடலாம். சிறுநீர்த் தொட்டியில் போடும் பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலின்; ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்கு அது இரத்தச் சிவப்பணுவை உடைக்கக்கூடும். அதற்கும் விடை கொடுங்கள்.

ஆய்வக அலமாரிக் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்திருந்தால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மூடி சரியில்லை என்று பொருள். இரண்டையும் வேறு வேறு அலமாரியில், தரையோடு ஒட்டிய தட்டில் வையுங்கள். கறையான் மருந்தைத் துளையிட்டு உள்ளே செலுத்தச் சொல்லுங்கள், மரத்தின் மேல் தெளிக்க விடாதீர்கள். கரப்பானுக்கு ஜெல் போதும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்த வகுப்பு ஜன்னலையும் பார்க்கக்கூடாது. பள்ளி வளாகத்தில் பிளாஸ்டிக் குப்பை எரிப்பது எந்த மாதமானாலும் வேண்டாம்.

தேதி மிக முக்கியம். பெயிண்ட், பாலிஷ், மருந்து மூன்றும் மே 10-க்குள் முடிய வேண்டும் என்று வேலை உத்தரவில் எழுதுங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அடித்து, வாடை தெரியாதிருக்க ரூம் ஸ்பிரே அடிப்பது ஆவியோடு இன்னொரு ஆவியைச் சேர்ப்பதுதான். அக்னி நட்சத்திர வெயிலில் சுவரும் மரமும் சூடேறும்போது உள்ளிருப்பது வேகமாக வெளியே வரும். மே 10-க்குப் பிறகு பள்ளி திறக்கும் வரையுள்ள மூன்று வாரமும் எதிரெதிர் ஜன்னல்கள் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்க வேண்டும், ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேன் வெளிப்பக்கம் பார்த்துச் சுற்ற வேண்டும். காவலாளிக்கு இதற்காகத் தனிச் சம்பளம் கொடுத்தாலும் தகும். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள், ஆற நாள் போதாது. பள்ளி திறந்த பிறகும் திங்கட்கிழமைகளில் முதல் மணிக்கு அரை மணி நேரம் முன்னதாக எல்லா அறைகளையும் திறந்துவிடச் சொல்லுங்கள், இரண்டு நாள் பூட்டிய அறையில் தேங்கியது அப்போதுதான் வெளியேறும்.

கொட்டேஷன் தாள், டப்பாவின் விவரத்தாள், பிளைவுட் பில் இவற்றின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெற்றோர் கேட்டால் காட்டும் நிலையில் வேலை நடக்கட்டும்.

அன்புடன்,
காரைக்குடி வட்டாரத்தில் பெயிண்ட், தச்சு, வேதியியல் பணிகளில் இருக்கும் சிலர்