பிள்ளை கூட்டுமுன் பங்காளியைக் கேளுங்கள்

சிவகங்கை மாவட்டத்தின் எல்லாக் கட்சி மாவட்டச் செயலாளர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

வேறு கட்சியிலிருந்து வருகிறவருக்கு நீங்கள் உடனே சீட்டு கொடுப்பதைப் பற்றி, கட்சி பேதம் பார்க்காமல் எழுதுகிறேன். உங்களிடம் கூலி வாங்கியதும் அப்படித்தான். காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் சுவர் எழுதியவன் நான். எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்கள் எழுத்துக்கு ஆகாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்துத் தேய்த்த பூச்சு, கண்ணாடி மாதிரி வழுக்கும். வீட்டுப் பெரிய அம்மாமாரான ஆச்சிமாரும் தொட விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்ப்பது காம்பவுண்டுச் சுவரும் பொட்டலோரச் செங்கல் சுவரும்தான். அப்படி ஒரு சுவரில் ஒரே ஆளின் பெயரை ஒரு தேர்தலில் ஒரு சின்னத்துக்குப் பக்கத்திலும், அடுத்த தேர்தலில் எதிர்ச் சின்னத்துக்குப் பக்கத்திலும் எழுதினேன். இரண்டு கை வெள்ளையடித்தும் ஒரு மழைக்கு அப்புறம் பழைய சின்னம் லேசாகத் தெரிந்தது. "நல்லா மறைப்பா" என்று வேட்பாளரின் ஆள் வந்து நின்றார். சரி, மறைத்தேன். அந்த மூன்றாவது கைச் சுண்ணாம்புக்கு இன்னும் காசு வரவில்லை.

கட்சி மாறுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மண் அப்படிச் சொல்லவும் முடியாது. காங்கிரசில் வளர்ந்த சா. கணேசன் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குப் போனார். 1962ல் காரைக்குடி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. காங்கிரஸ் ஆண்ட காலத்தில் காங்கிரசை விட்டுப் போனவர் அவர் என்பதைக் கவனியுங்கள். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் 1957ல் தி.மு.க. வேட்பாளராகத் திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். 1961ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சிக்குப் போனார், 1964ல் அந்தக் கட்சியே காங்கிரசில் கரைந்தது. ஏன் போனேன் என்பதை அவர் ஊரறியச் சொன்னார். கேட்டவன் ஒப்பலாம், ஒப்பாமலும் போகலாம். காரணம் என்று ஒன்று கையில் இருந்தது.

நம் காலத்துக்கு வந்தால் ராஜகண்ணப்பனின் கணக்கைப் பாருங்கள். 1991ல் அமைந்த அ.தி.மு.க. ஆட்சியில் பொதுப்பணித் துறை அமைச்சர். 2000ல் மக்கள் தமிழ் தேசம் என்று தனிக்கட்சி. 2006ல் இளையான்குடியில் தி.மு.க. எம்.எல்.ஏ. 2009ல் மறுபடி அ.தி.மு.க., அந்த ஆண்டே சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப. சிதம்பரத்திடம் 3,354 ஓட்டில் தோல்வி. 2020ல் திரும்பத் தி.மு.க., 2021ல் முதுகுளத்தூரில் வெற்றி, அமைச்சர் பதவி. இதில் ஒன்றை அவருக்கு வரவு வைக்க வேண்டும்: 2009ல் போகும்போது எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டுப் போனார். அதனால் அந்த ஆகஸ்டில் இளையான்குடியில் இடைத்தேர்தல் வந்தது. அவர் போய்ச் சேர்ந்த கட்சி அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. அவர் விட்டுவந்த தி.மு.க. ஜெயித்தது. வரவு செலவைக் கூட்டிக் கழித்து ஐந்தொகை போட்டுப் பார்த்தால் ஊருக்கு என்ன மிஞ்சியது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு சுற்று சுவர் வேலை எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1985ல் 52ஆவது திருத்தமாக வந்தது. மூன்றில் ஒரு பங்குபேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற ஓட்டையை 2003ல் 91ஆவது திருத்தம் அடைத்தது. 2017ல் நம் சட்டமன்றத்திலேயே 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், அந்தத் தொகுதிகளுக்குத் தேர்தல் வர 2019 ஆனது. ஆனால் சட்டத்தின் கை உறுப்பினராக இருப்பவரைத்தான் பிடிக்கும். ராஜினாமா செய்துவிட்டுப் போனவரையும், ஐந்து வருஷம் முடியட்டும் என்று காத்திருந்து சால்வை மாற்றியவரையும் அது தொடாது. அவருக்குச் சீட்டு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் சபாநாயகருக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவதை, அதாவது தத்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாரிசில்லாத வீட்டுக்குப் பிள்ளை வருவான். ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பேசி, எல்லோரையும் வைத்துக்கொண்டு, ஊரறியச் செய்வார்கள். பெற்ற வீட்டுச் சொத்து இனி அவனுக்கில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். நீங்களோ வீட்டில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போதே வெளியிலிருந்து கூட்டுகிறீர்கள். முப்பது வருஷமாகக் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவன், பூத்தில் பட்டினியாக உட்கார்ந்தவன், உங்களுக்காக வழக்கு வாங்கியவன் எவனையும் கேட்பதில்லை. நேற்றுவரை அவனை மேடைபோட்டுத் திட்டியவரின் பெயரை இன்று அவனே சுண்ணாம்பு வாளி தூக்கிவந்து என்னிடம் எழுதச் சொல்கிறான். அப்போது அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வருகிறவர் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு பொதுத்தேர்தல் மட்டும் சீட்டில்லாமல் இருக்கட்டும். அந்த ஐந்து வருஷம் உங்கள் ஆட்களோடு பூத்தில் உட்காரட்டும். போன கட்சியை ஏன் விட்டார் என்பதை, ஓட்டுப்போட்ட ஊரிலேயே மைக் பிடித்து ஒருமுறை சொல்லட்டும். "தொகுதி வளர்ச்சிக்காக" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது.

இதெல்லாம் ஆகாது என்றால் ஒரு சின்னக் காரியமாவது செய்யுங்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விடச் சொல்லுங்கள். 'கட்சியில் சேர்ந்த ஆண்டு' என்று போட்டு அந்த எண்ணை எழுதிவிடுகிறேன். அந்த வரிக்குக் கூலி வேண்டாம். பழைய சுண்ணாம்புக் காசை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
சுவர் எழுதுகிறவன், காரைக்குடி