மலையேற்றத்துக்கு நாள் குறிக்கும் முன் அனுமதியைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி அருகே எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 14 பேர் சென்ற ஆண்டு மாசி மாதக் கடைசியில் போடி மலைப்பகுதிக்கு இரண்டு நாள் நடைப்பயணம் போகத் திட்டமிட்டார்கள். வேன், சாப்பாடு, கூடாரம், வனத்துறை அனுமதி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஏற்பாட்டாளர் ஒருவரிடம் தலைக்கு இவ்வளவு என்று முன்பணமும் கட்டினார்கள். விடியற்காலையில் சோதனைச் சாவடியில் வேன் நின்றது. அனுமதிச் சீட்டு எங்கே என்று வனக்காவலர் கேட்டபோது, ஏற்பாட்டாளரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காவலர் பிள்ளைகளைக் கடிந்து பேசவில்லை. எதிர்ச் சரிவில் இடுப்பளவு உயரத்துக்குக் காய்ந்து நின்ற புல்லைக் காட்டி, "இந்தப் புல்லுக்கு ஒரு பொறி போதும் தம்பி, தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு நீங்கள் ஓட முடியாது" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் சொன்னதன் பொருள் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், நடைப்பயணம் சென்றிருந்த இளைஞர்களும் இளம்பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாசியும் பங்குனியும் நம் மலைகளில் தீப்பிடிக்கும் மாதங்கள். அப்போது வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவைப்பது வழக்கம். பணம் வாங்கியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தும் 14 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் அந்த நாளைக் குறித்துக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

திரும்பி வந்த இளைஞர்கள் சோர்ந்துவிடாமல், புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் அவரவர் முதுகுப்பையைக் கொண்டுவரச் சொல்லித் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு தம்பியின் பை 16 கிலோ இருந்தது. அவர் எடையோ 52 கிலோதான். உள்ளே இரண்டு ஜீன்ஸ், ஒரு கனத்த போர்வை, ஒலிபெருக்கிப் பெட்டி, சிறிய எரிவாயு அடுப்பு ஆகியவை இருந்தன. தண்ணீருக்கு ஒரே ஒரு பாட்டில். வெயிலில் மலையேறுகிற ஒருவருக்கு ஒரு பகலுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவே மூன்று கிலோ. எனவே மற்றவற்றைக் குறைத்தே ஆகவேண்டும். காட்டுக்குள் அடுப்புக்கே இடமில்லை என்பதால் அதை முதலில் வெளியே எடுத்து வைத்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறைத்துக் கட்டிய பைகளுடன் கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறி இறங்கினோம். குழுவிலேயே மெதுவாக நடந்த பெண் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, அதை வைத்தே பயணத்தின் மொத்தக் கணக்கையும் போட்டோம். எந்த இடத்தில் இருந்தாலும் பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

கடந்த தை மாதம் அவர்கள் முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு மலையேறி நல்லபடியாகத் திரும்பினார்கள். இரவில் காட்டுக்குள் தங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, போடியிலேயே அறை எடுத்துப் பெரிய பைகளை அங்கே வைத்துவிட்டார்கள். அகலப்பாதை பணி முடிந்து 2023 ஜூன் முதல் மதுரையிலிருந்து போடி வரை ரயில் ஓடுவதால் வேன் வாடகையும் மிச்சம்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்து, மலைப்பகுதி இளைஞர்களுக்கே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சோதனைச் சாவடிக்குப் போகும்வரை அப்படி ஒரு திட்டம் இருப்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் வந்த ஏற்பாட்டாளரின் விளம்பரம்தான். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் போன்ற ஊர்களின் மன்றங்களுக்கும் வட்டங்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே வனத்துறைக்கு என் வேண்டுகோள்: மதுரையில், மக்கள் எளிதாக வந்து கேட்கும் இடத்தில், ஓர் உதவி மையம் வையுங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது எதனால் மூடப்பட்டிருக்கிறது, பதிவு செய்வது எப்படி என்பதை அங்கே தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். சிறுமலை, சதுரகிரி, மேகமலை என்று பல வனக்கோட்டங்களில் உள்ள மலைகளுக்கு எங்கே யாரைக் கேட்பது என்று தெரியாததால்தான் இளைஞர்கள் இடைத்தரகர்களிடம் போகிறார்கள். அனுமதி எண்ணைக் காட்டாமல் முன்பணம் வாங்குவோர் மீது நடவடிக்கையும் வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுவதைப் போல, வெள்ளிக்கிழமைதோறும் மதுரைப் பதிப்பில் இந்த நான்கு மாவட்ட மலைப்பாதைகளின் நிலையை ஒரு சிறு கட்டமாக வெளியிட முடியுமா? பெரும்பாலான குழுக்கள் சனிக்கிழமைதான் புறப்படுகின்றன. எங்கள் வாசிப்பு வட்டத்தில் காலையில் முதலில் பிரிக்கப்படுவது தங்கள் நாளிதழ்தான்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற புவியியல் ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.